தொழில் வழிகாட்டல் நாளில் இன்னொரு மேசை: இங்கிலாந்தின் தமிழ்ப் பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் இயங்கும் தமிழ்ப் பள்ளிகளின் நிர்வாகக் குழுக்களுக்கும் பெற்றோர் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

தொழில் வழிகாட்டல் நாள் வைக்கும் பள்ளிகளில் மருத்துவத்துக்கு மேசை உண்டு. கணக்கியலுக்கும் சட்டத்துக்கும் கணினிக்கும் உண்டு. பராமரிப்புத் துறைக்கு இல்லை. ஆனால் அந்த மண்டபத்தில் இருக்கும் பதினேழு வயதுப் பிள்ளைகளில் சிலர் அந்தத் துறைக்குத்தான் போகப் போகிறார்கள். யாரும் வழி சொல்லாததால் இணையத்தில் கண்ட முதல் விளம்பரத்துக்கு விண்ணப்பித்து, என்ன கையெழுத்து வைக்கிறோம் என்று தெரியாமலே உள்ளே போவார்கள். அந்த மேசையைப் போடுங்கள் என்று கேட்பதற்காகவும், அதில் என்ன சொல்லப்பட வேண்டும் என்று விவரமாகத் தருவதற்காகவும் இதை எழுதுகிறோம். இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். சோஷல் கெயார், சோஷல் வேர்க் இரண்டையும் நாங்கள் தமிழில் 'சமூக சேவை' என்று ஒன்றாக்கிவிடுகிறோம். அதனால்தான் பாதிப் பிழைகள் வருகின்றன. கெயார் என்பது வயதானவர்கள், மாற்றுத்திறனாளிகள், கற்றல் குறைபாடு உள்ளவர்கள், மனநலம் குன்றியவர்கள் ஆகியோரின் அன்றாட வாழ்க்கைக்குத் துணை நிற்பது. இந்த வேலை கெயார் ஹோமிலும் நடக்கும், அவரவர் வீட்டிலும் நடக்கும். சோஷல் வேர்க்கர் என்பவர் சட்ட அதிகாரத்தோடு மதிப்பீடு செய்து, பாதுகாப்புத் தொடர்பான முடிவெடுப்பவர். அந்தப் பெயரைச் சட்டம் காக்கிறது. 2019 டிசம்பரிலிருந்து சோஷல் வேர்க் இங்லண்ட் என்ற ஒழுங்காற்று அமைப்பில் பதிவு செய்தவர் மட்டுமே தன்னை அப்படி அழைத்துக்கொள்ளலாம். முதலாவதில் சேர்ந்தால் சில வருடத்தில் தானாக இரண்டாவதாக ஆகிவிடலாம் என்று நம்பிச் சேரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படித் தானாக ஏறும் படி எதுவும் கிடையாது. வழி இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறோம்.

பெரியவர்களுக்கான பராமரிப்பில் அப்பிரண்டிஸ்ஷிப், அதாவது சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே படிக்கும் பயிற்சி, லெவல் 2 இல் தொடங்குகிறது. அதன் பெயர் அடல்ட் கெயார் வேர்க்கர். லெவல் 3 இல் லீட் அடல்ட் கெயார் வேர்க்கர், லெவல் 4 இல் லீட் பிரக்டிஷனர், லெவல் 5 இல் லீடர். இந்த லெவல் 5 ஐப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஒரு கெயார் ஹோமைச் சட்டப்படி பொறுப்பேற்று நடத்தும் பதிவு பெற்ற மேலாளரிடம் பொதுவாக எதிர்பார்க்கப்படும் தகுதி மட்டம் அதுதான். பல்கலைக்கழகம் போகாமல், கடன் படாமல், ஒவ்வொரு படியிலும் சம்பளம் வாங்கிக்கொண்டே அந்த இடம் வரை வரலாம். பக்கத்துக் கதவுகளும் உண்டு: பிள்ளைகள், குடும்பங்களோடு வேலை செய்ய லெவல் 4, நேர்சிங் அசோஷியேட்டுக்கு லெவல் 5, ஒக்கியுபேஷனல் தெரபிக்கும் சோஷல் வேர்க்குக்கும் பட்டம் தரும் லெவல் 6.

ஆள் தேவை இல்லாத துறை என்று யாரும் சொல்ல முடியாது. ஸ்கில்ஸ் ஃபோர் கெயார் அமைப்பின் கணக்கின்படி 2024/25 இல் இங்கிலாந்தின் பெரியவர் பராமரிப்புத் துறையில் 7.0 வீதப் பணியிடங்கள், அதாவது சுமார் 111,000 இடங்கள், வெற்றிடமாக இருந்தன. வெளிநாட்டிலிருந்து கெயார் வேர்க்கர்களைப் புதிதாக விசாவில் எடுக்கும் வழி 2025 ஜூலை 22 அன்று மூடப்பட்டது. ஊரிலிருக்கும் உறவுப் பிள்ளையை 'அப்பிரண்டிஸ்ஷிப் விசா'வில் கூப்பிடலாம் என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று. அப்படி ஒரு விசா கிடையாது. இங்கே இருப்பவர்களிடமும் பயிற்சிக்கென்று ஒரு பவுண்கூடக் கேட்கக் கூடாது. பயிலுநர், அதாவது அப்பிரண்டிஸ்ஷிப்பில் சேர்ந்தவர், தன் பயிற்சிச் செலவில் பங்களிக்கக் கூடாது என்பது அரச நிதி விதி. செலவை அரசும் வேலை கொடுப்பவரும் பார்த்துக்கொள்வார்கள். இதை மேசையில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இனி, அப்பிரண்டிஸ்ஷிப் என்றால் என்ன என்பது. அது முதலில் ஒரு வேலை, அதன்பின் ஒரு படிப்பு. வேலை ஒப்பந்தம் இருக்கும், விடுமுறைச் சம்பளம் இருக்கும். மிகக் குறைந்த காலம் முன்பு 12 மாதமாக இருந்தது, 2025 ஓகஸ்டிலிருந்து 8 மாதம். லெவல் 3 இலும் அதற்கு மேலும் பொதுவாக இதைவிட நீளும். வாரத்துக்கு 30 மணிக்குக் குறைவாக வேலை செய்தால் அதற்கேற்பக் காலம் கூடும். இரண்டு தாள்கள் கையில் வர வேண்டும். ஒன்று அப்பிரண்டிஸ்ஷிப் ஒப்பந்தம். மற்றது பயிற்சித் திட்டம். அதில் வேலை கொடுப்பவர், பயிற்சி நிறுவனம், பயிலுநர் மூவரும் கையெழுத்து வைப்பார்கள். இரண்டாவது தாளைக் காட்டாமல் 'வேலையைத் தொடங்கு, பேப்பர் பிறகு வரும்' என்று சொல்லும் இடத்தில் பெரும்பாலும் அது வருவதில்லை. பிள்ளை சாதாரண கெயாரராகவே, அதுவும் குறைந்த சம்பளத்தில், மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.

சம்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 2026 ஏப்ரலிலிருந்து பயிலுநருக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு £8.00. 18 முதல் 20 வயதுக்கு வழமையான குறைந்தபட்சம் £10.85, 21 வயதுக்கும் அதற்கு மேலும் £12.71. பயிலுநர் ஊதியத்தை இரண்டு பேருக்கு மட்டும்தான் கொடுக்கலாம்: 19 வயதுக்கு உட்பட்டவருக்கு, அல்லது 19 வயதோ அதற்கு மேலோ இருந்து முதல் வருடத்தில் இருப்பவருக்கு. 19 வயதைத் தாண்டியவர் முதல் வருடத்தை முடித்த அன்றே அவருடைய வயதுக்குரிய முழு ஊதியம் வர வேண்டும். பல சம்பளச் சீட்டுகளில் இந்த மாற்றம் தானாக நடப்பதில்லை, கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

வாரத்துக்கு 37.5 மணி நேரம் என்று கணக்குப் போடுங்கள். £8.00 என்றால் வாரம் £300. £12.71 என்றால் £476.63. வருடத்துக்கு வித்தியாசம் ஒன்பதாயிரம் பவுணைத் தாண்டும். பதினாறு வயதில் வீட்டில் இருந்துகொண்டு போகும் பிள்ளைக்கு முதலாவது தொகை தாங்கும். ஏற்கெனவே கெயாரராக முழு ஊதியத்தில் இருக்கும் முப்பது வயதுத் தாயிடம், 'அப்பிரண்டிஸ்ஷிப்புக்கு மாறுங்கள், ஆனால் சம்பளம் குறையும்' என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளத் தேவையில்லை. அதே சம்பளத்திலேயே அப்பிரண்டிஸ்ஷிப் செய்யலாம், நல்ல நிறுவனங்கள் அப்படித்தான் செய்கின்றன. வயது எல்லை எதுவும் இல்லை என்பதையும் அம்மாக்களுக்குச் சொல்லுங்கள்.

நிறுவனம் காசு இல்லை என்று சொன்னால் அதையும் ஆராயலாம். வருடச் சம்பளச் செலவு 30 இலட்சம் பவுணுக்கு மேல் உள்ள நிறுவனம் அப்பிரண்டிஸ்ஷிப் லெவி என்ற வரியாக 0.5 வீதம் ஏற்கெனவே கட்டுகிறது. பயிற்சிக்கு அந்தப் பணத்தைத்தான் எடுக்கிறது. 16 முதல் 18 வயதுப் பயிலுநரை எடுத்தால் நிறுவனத்துக்கு £1,000 கிடைக்கும். கவுன்சிலின் பராமரிப்பில் வளர்ந்த இளையோர் அப்பிரண்டிஸ்ஷிப்பில் சேர்ந்தால் அவர்களுக்கே £3,000 உதவித்தொகை உண்டு. இது தெரியாமல் போனவர்கள் பலர்.

பெற்றோர் தரப்பில் ஒரு முக்கியமான கணக்கு தவறிப்போகிறது. பிள்ளை சிக்ஸ்த் ஃபோர்மிலோ கொலிஜிலோ இருந்தால் சைல்ட் பெனிஃபிட் தொடரும். இங்கிலாந்தில் அப்பிரண்டிஸ்ஷிப் ஒப்பந்தத்தில் சேர்ந்தால் அது நிற்கும், யுனிவர்சல் கிரெடிட்டில் அந்தப் பிள்ளைக்காக வரும் தொகையும் நிற்கும். அறிவிக்காமல் விட்டால் பின்னர் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும். சேர்வதற்கு முந்தைய மாதமே வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். சில வீடுகளில் இந்தக் கணக்கின்படி இரண்டு வருடம் கொலிஜில் ஹெல்த் அன்ட் சோஷல் கெயார் படித்துவிட்டு 18 வயதில் சேர்வதே நல்லதாக இருக்கும். அதையும் நேர்மையாகச் சொல்லுங்கள்.

பதினெட்டு வயதுக்கு முன் சேர்வதில் வேறு தடையும் உண்டு. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது போன்ற உடல் பராமரிப்பை 16, 17 வயதினர் செய்யக் கூடாது என்று பராமரிப்புத் துறையைக் கண்காணிக்கும் அமைப்பான சிகியூசி தடை போடவில்லை. பயிற்சியும் திறமையும் மேற்பார்வையும் இருந்தால் செய்யலாம். ஆனால் காப்புறுதிக்காகவும் பராமரிக்கப்படுபவரின் விருப்பத்துக்காகவும் பல நிறுவனங்கள் தாங்களே 18 என்று எல்லை வைத்திருக்கின்றன. வேலை நேரத்துக்கும் எல்லை உண்டு: 18 க்கு உட்பட்டவருக்கு ஒரு நாளில் 8 மணி, வாரத்தில் 40 மணி, இரண்டு வேலை நாட்களுக்கு இடையில் 12 மணி ஓய்வு, வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை, நாலரை மணிக்கு மேல் வேலை செய்தால் 30 நிமிட இடைவேளை. பன்னிரண்டு மணி ஷிஃப்ட் ஓடும் கெயார் ஹோமில் பதினேழு வயதுப் பிள்ளையை எங்கே பொருத்துவீர்கள் என்று நேர்முகத்திலேயே கேட்க வேண்டும். பதில் தயாராக இல்லாத இடம் இந்த வயதினரை எடுத்துப் பழக்கப்படாத இடம்.

ஆவண வேலைக்கும் காலம் வேண்டும். அரச நிதிக்குத் தகுதி பெற, ஒருவர் பொதுவாக இங்கே முந்தைய மூன்று வருடம் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். அகதி அந்தஸ்து பெற்றவர்களுக்கு இந்த மூன்று வருட நிபந்தனை இல்லை. பிறகு டிபிஎஸ் சோதனை, அதாவது குற்றப் பின்னணிச் சோதனை. பராமரிப்புக்கு விரிவான வகை, அதாவது என்ஹான்ஸ்ட் டிபிஎஸ் தேவை. வேலைக்குச் சேர்பவர் தானாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது, நிறுவனம்தான் செய்ய வேண்டும். ஐந்து வருட முகவரிகளை இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். இலங்கையிலோ இந்தியாவிலோ வாழ்ந்த காலம் அதில் வந்தால் அங்கிருந்து பொலிஸ் அறிக்கையையும் பல நிறுவனங்கள் கேட்கும். அது வர மாதங்கள் எடுக்கும், ஆகவே வேலை உறுதியாகும் முன்னரே தொடங்குவது நல்லது. பெயரின் எழுத்துக் குழப்பம் எங்கள் ஆட்களுக்கு அடிக்கடி தாமதம் தருகிறது. பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் முன்னால், வங்கியில் பின்னால், பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்து என்று இருந்தால் டிபிஎஸ் திரும்பி வரும். எல்லாவற்றிலும் ஒரே ஒழுங்கில் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள்.

ஆங்கிலம், கணிதம் பற்றி இன்னும் பழைய தகவல்தான் ஊருக்குள் சுற்றுகிறது. 2025 பெப்ரவரியிலிருந்து, சேரும்போது 19 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுள்ளவர்கள் இந்த இரண்டிலும் தனியாகச் சித்தி பெறாமலே அப்பிரண்டிஸ்ஷிப்பை முடிக்கலாம். 16 முதல் 18 வயதில் சேர்பவர்களுக்கு இன்னும் கட்டாயம். ஜிசிஎஸ்ஈ இல் 4 ஆம் தரம் இருந்தால் கவலை இல்லை. இல்லையென்றால் வேலையோடு சேர்த்து ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் என்ற பரீட்சையை எழுத வேண்டும். அதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைத்து, மற்ற எல்லாம் முடித்தும் இறுதி மதிப்பீட்டுக்குப் போக முடியாமல் நிற்பவர்கள் உண்டு. முதல் மூன்று மாதத்திலேயே பரீட்சைத் திகதி கேட்டு வாங்க வேண்டும். இலங்கைச் சாதாரண தரம், உயர்தரம், இந்தியப் பள்ளிச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் யூகே ஈனிக் மூலம் ஒப்பீட்டுச் சான்று எடுக்கலாம். சோஷல் வேர்க் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது 19 வயதுச் சலுகையை நம்பியிருக்க வேண்டாம், பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்த நிபந்தனையாக ஜிசிஎஸ்ஈ மட்டத்தைக் கேட்கின்றன.

அப்பிரண்டிஸ்ஷிப் தோற்கும் இடங்களில் பெரும்பாலானவற்றில் ஒரே காரணம்தான்: பயிற்சி நேரத்தைக் கொடுப்பதில்லை. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஆஃப் த ஜொப் என்ற பயிற்சி மணிகளுக்கு ஒரு குறைந்தபட்சம் விதிக்கப்பட்டிருக்கிறது. அந்த மணிகள் சம்பளம் வரும் வேலை நேரத்துக்குள் இருக்க வேண்டும். வகுப்பு, அனுபவசாலியுடன் நின்று பார்த்துப் பழகுவது, அசைன்மென்ட் எழுதுவது, வேறு பிரிவைப் போய்ப் பார்ப்பது எல்லாம் இதில் சேரும். ஆங்கிலம், கணிதப் படிப்பு சேராது. மூவரும் அமரும் முன்னேற்றக் கூட்டமும் சேராது. அந்தக் கூட்டம் குறைந்தது 12 வாரத்துக்கு ஒருமுறை நடக்க வேண்டும். நடைமுறையில் என்ன ஆகிறது? இரண்டு பேர் சுகவீன விடுப்பு எடுத்தால் முதலில் ரத்தாவது பயிலுநரின் படிப்பு நேரம். 'இன்றைக்கு மட்டும் தளத்தில் நில்' என்பார்கள். அப்படி நாலைந்து வாரம் போனால் பிள்ளை இரவு ஷிஃப்ட் முடிந்து வீட்டில் உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதத் தொடங்கும். பிறகு எழுதுவதையே நிறுத்தும். மேலாளர் கெட்டவர் என்று இல்லை, ஆள் எண்ணிக்கையில் பயிலுநரையும் ஒரு முழு ஆளாகக் கணக்குப் பண்ணியதுதான் பிழை. ஆகவே நேர்முகத்தில் கேட்க வேண்டிய கேள்வி: 'என் பயிற்சி நாள் ரோட்டாவில் (பணி நேர அட்டவணையில்) எழுதியிருக்குமா, அன்றைக்கு எனக்குப் பதில் யார் நிற்பார்?' வாரத்தில் ஒரு நாளைப் பெயர் குறித்துச் சொல்லும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கெயார் சேர்ட்டிஃபிக்கட்டை அப்பிரண்டிஸ்ஷிப் என்று நம்பவைப்பது இன்னொரு வழக்கம். அது 2015 இல் வந்த அறிமுகப் பயிற்சி. முன்பு 15 தரநிலைகள், 2025 இல் கற்றல் குறைபாடு, ஓட்டிசம் பற்றியது சேர்ந்து 16. எந்தப் புதுப் பணியாளரும் முதல் சில வாரங்களில் செய்ய வேண்டியது. நல்லது, தேவையானது. ஆனால் அதை முடித்ததோடு அப்பிரண்டிஸ்ஷிப்பும் முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. முழுதும் கணினித் திரையில் சொடுக்கி முடிக்கும் பயிற்சியையும் நாங்கள் ஏற்கமாட்டோம். ஒருவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதையும் ஹொயிஸ்ட் என்ற தூக்கும் கருவியின் பட்டியை அளவு பார்த்து மாட்டுவதையும் கையால் செய்துதான் பழக வேண்டும். தூக்கிவிடும் பட்டி அளவு பெரிதாக இருந்தால் அவர் நழுவுவார், சிறிதாக இருந்தால் தொடை வெட்டும். தகுதி பார்த்துக் கையெழுத்து வைக்கும் முன் பயிலுநரைத் தனியாக அனுப்பவும் கூடாது.

நிறுவனத்தைச் சோதிப்பது எளிது. பெற்றோரே அரை மணி நேரத்தில் செய்யலாம். சிகியூசியின் இணையத்தளத்தில் அந்த ஹோமின் அறிக்கை இருக்கும். ஐந்து கேள்விகளுக்கு நாலு மட்டங்களில் தரம் போட்டிருப்பார்கள். மொத்தத் தரத்தைவிட, 'வெல் லெட்', அதாவது நன்றாக நடத்தப்படுகிறதா என்ற பகுதியைப் படியுங்கள். பணியாளர் பயிற்சி, மேற்பார்வை, ஆள் பற்றாக்குறை எல்லாம் அங்கே வெளிச்சமாகும். அறிக்கையின் திகதியையும் பாருங்கள், சில பல வருடம் பழையவை. பயிற்சி நிறுவனத்துக்குக் கல்விக் கண்காணிப்பு அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் அறிக்கை உண்டு. இரண்டு அறிக்கையும் நன்றாக இருந்து, பயிற்சியாளர் மட்டும் வருடத்தில் மூன்று முறை மாறினால் அதுவும் கெடுதல்தான். ஆகவே தற்போதைய பயிலுநர் ஒருவரோடு பத்து நிமிடம் பேச அனுமதி கேளுங்கள்.

வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலையில் இன்னும் சில விஷயம். காலை 7 முதல் 11, பிறகு மாலை 4 முதல் 9 என்று நாள் உடையும். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் சேர வேண்டும். சேர்க்காத நிறுவனங்கள் உண்டு, சம்பளச் சீட்டில் வந்த மணியையும் தொலைபேசியில் பதிவான மணியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கார் கேட்பார்கள். சாதாரணக் காப்புறுதி போதாது, தொழில் பாவனை சேர்ந்த காப்புறுதி வேண்டும். பதினெட்டு வயதுக்கு அந்தத் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். இரவில் அங்கேயே தூங்கி, தேவைப்பட்டால் எழும் பணிக்கு முழு இரவுக்கும் குறைந்தபட்ச ஊதியம் கிடையாது என்று 2021 இல் உயர் நீதிமன்றத்துக்கும் மேலான சுப்ரீம் கோர்ட் தீர்த்தது. விழித்து வேலை செய்த நேரத்துக்கு உண்டு. எங்கள் பிள்ளைகள் பலர் சைவம். வீட்டுப் பராமரிப்பில் மாட்டிறைச்சி சூடாக்கிக் கொடுக்க வேண்டிவரும். முடியாதென்றால் தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் ஒழுங்கு செய்வார்கள். அந்த வீட்டு வாசலில் நின்று சொன்னால் பசியோடு இருப்பவர் பாதிக்கப்படுவார்.

இப்போது சோஷல் வேர்க்கர் ஆக விரும்பும் பிள்ளைக்கு. லெவல் 6 பட்ட அப்பிரண்டிஸ்ஷிப் வழமையாக மூன்று வருடம். 200 நாள் நடைமுறைப் பயிற்சி உண்டு, அதில் 30 நாள் திறன் நாட்கள், 170 நாள் களம். முடிவில் பட்டமும், பதிவுக்கு விண்ணப்பிக்கும் தகுதியும் வரும். கட்டணம் இல்லை. 2025/26 இல் பல்கலைக்கழகக் கட்டணம் வருடத்துக்கு £9,535 வரை என்பதை வைத்துப் பாருங்கள், மூன்று வருடத்துக்கு £28,605, வாழ்க்கைச் செலவுக் கடன் தனி. அதனால்தான் போட்டி கடுமை. இடங்களைத் தருவது பெரும்பாலும் கவுன்சில்கள், அவை பல சமயம் ஏற்கெனவே தங்களிடம் வேலை செய்பவர்களிடமிருந்தே எடுக்கின்றன. பள்ளி முடித்த கையோடு நேரே கிடைப்பது அரிது. நாங்கள் பரிந்துரைக்கும் பாதை இது: லெவல் 3 ஐ முடிக்கவும், அதன்பின் கவுன்சிலிலோ குடும்ப ஆதரவுச் சேவையிலோ உதவியாளர் பணிக்கு மாறவும், ஒன்றிரண்டு வருடம் நின்று உள் விளம்பரத்துக்குக் காத்திருக்கவும். பட்டம் ஏற்கெனவே இருப்பவருக்கு ஸ்டெப் அப் டு சோஷல் வேர்க் என்ற 14 மாதத் திட்டம் வேகமானது. பதினெட்டு வயதிலேயே சோஷல் வேர்க்தான் என்று தெளிவாக இருந்து, படிப்பிலும் நல்லாக இருக்கும் பிள்ளைக்குச் சாதாரணப் பல்கலைக்கழக வழியும் தப்பில்லை. அப்பிரண்டிஸ்ஷிப்பை எல்லாருக்கும் மருந்தாகக் கொடுக்க வேண்டாம்.

படிப்பு எப்படி இருக்கும் என்று பெற்றோர் கேட்பார்கள். பரீட்சைத் தாளைவிட, தான் செய்ததைத் தானே யோசித்து எழுதுவதுதான் அதிகம். எங்கள் பிள்ளைகளுக்கு இங்கேதான் முதல் தடை. பள்ளியில் சரியான விடை எழுதிப் பழகியவர்களுக்கு, 'அன்றைக்கு நான் அவசரப்பட்டேன், அவர் பயந்தார், அடுத்த முறை இப்படிச் செய்வேன்' என்று எழுதக் கூச்சம். எல்லாம் நன்றாக நடந்தது என்று எழுதிக் கொடுப்பார்கள், பயிற்சியாளர் திருப்பி அனுப்புவார். சட்ஜீபீடியிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் தாளில் தப்பலாம். லெவல் 2 இறுதி மதிப்பீட்டில் ஒருவர் நேரே உட்கார்ந்து, நீ எழுதிய அந்தச் சம்பவத்தைச் சொல் என்று உரையாடும்போது வாய் அடைத்துப்போகும். இன்னொரு விதி: அசைன்மென்டில் பராமரிக்கப்படுபவரின் பெயரோ அறை எண்ணோ வரக் கூடாது. பிள்ளைக்கு உதவி செய்ய நினைத்து அம்மா அதை வாசிப்பதும், மாமாவுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பித் திருத்தச் சொல்வதும் இரகசியக் காப்பை மீறுவதாகிவிடும். வேலையே போகலாம். ஊர் முழுக்க ஒருவரை ஒருவர் தெரிந்த சமூகத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

தமிழ்ப் பள்ளிகளிடம் இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. டிமென்ஷியா முற்றும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவது பலருக்கு நடக்கும். முப்பது வருடம் ஆங்கிலத்தில் வேலை செய்த அம்மம்மா தமிழுக்குத் திரும்பிவிடுவார். தண்ணி வேணும் என்பதையும் காலில் வலி என்பதையும் தமிழில்தான் சொல்வார், பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காது, 'குழப்பமாக இருக்கிறார்' என்று குறிப்பில் எழுதுவார்கள். உங்கள் பள்ளியில் தமிழ் கற்ற பிள்ளை அந்த அறையில் நின்றால் அந்தக் குறிப்பே மாறும். ஆனால் ஒரு எல்லை: அன்றாடம் பேசுவது வேறு, மொழிபெயர்ப்பாளராக நிற்பது வேறு. ஒருவருக்கு முடிவெடுக்கும் ஆற்றல் இருக்கிறதா என்ற மதிப்பீட்டுக்குத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் வர வேண்டும், பயிலுநரை இழுக்கக் கூடாது. 2005 ஆம் ஆண்டின் மென்டல் கப்பாசிட்டி சட்டத்தின் முதல் கோட்பாடே, இல்லை என்று நிறுவப்படும்வரை ஒருவருக்கு அந்த ஆற்றல் உண்டு என்று கொள்ள வேண்டும் என்பது. 'அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் சொல்கிறோம்' என்று மகன் பதில் சொல்லும் எங்கள் வழக்கத்தோடு இது மோதும். அந்த மோதலை இரு பக்கமும் நோகாமல் கையாளக்கூடிய ஆட்கள் எங்கள் பிள்ளைகள்.

கழுவித் துடைக்கிற வேலை என்று சிலர் சொல்வது எங்கள் காதில் விழாமல் இல்லை. ஆம், அதுவும் உண்டு. ஒருவரைக் கழுவும்போதே தோலின் சிவப்பைப் பார்த்துப் படுக்கைப்புண் தொடங்குவதைக் கண்டுபிடிக்க வேண்டும். அழுத்தினால் வெளிறாத சிவப்பு என்றால் உடனே அறிவிக்க வேண்டும். வழமைக்கு மாறாகக் குழம்பிப் பேசினால் சிறுநீர்த் தொற்றா, நீர் குறைவா, புது மருந்தா என்று யோசிக்க வேண்டும். இதைக் கவனிக்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில் ஒரு உயிர் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் இந்தத் துறையைத் தாழ்த்திப் பேசும் வார்த்தை வந்தால், தயவுசெய்து மேடையில் இருப்பவர் திருத்துங்கள். பின்வரிசையில் இருக்கும் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். அதன் அம்மாவே கெயாரராக இருக்கலாம்.

ஆகவே நிர்வாகக் குழுக்களிடம் நாங்கள் கேட்பது இது. அடுத்த தொழில் வழிகாட்டல் நாளில் ஒரு மேசை. அதில் ஒரு கெயார் ஹோம் மேலாளர், ஒரு லெவல் 3 பயிலுநர், ஒரு கவுன்சில் சோஷல் வேர்க்கர் மூவரும் இருந்தால் போதும். நிறுவன விளம்பரப் பிரதிகளை அடுக்காதீர்கள், ஆள் எடுக்கும் முகவரை உட்காரவைக்காதீர்கள். மேலே சொன்ன ஊதியத் தொகைகளை ஒவ்வொரு ஏப்ரலிலும் மாற்றி ஒரு தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். வேலை அனுபவத்துக்கு ஒரு வாரம் ஒரு ஹோமில் நிற்க பத்தாம், பதினொராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒழுங்கு செய்து கொடுங்கள். அந்த ஒரு வாரத்திலேயே பாதிப் பேர் இது எனக்கில்லை என்று தெரிந்துகொள்வார்கள், அதுவும் பயனே.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசின் அப்பிரண்டிஸ்ஷிப் தேடல் தளத்தில் லெவல் 2, லெவல் 3 இடங்கள் வருடம் முழுக்க வரும், பல்கலைக்கழக விண்ணப்பம் போல ஒரு கடைசித் திகதி இல்லை. பட்ட அப்பிரண்டிஸ்ஷிப் பல கவுன்சில்களில் செப்டம்பர் தொடக்கத்துக்காக இளவேனில் காலத்திலேயே திறந்து சில வாரத்தில் மூடும். உங்கள் வழிகாட்டல் நாள் ஜூனிலோ ஜூலையிலோ என்றால் அந்த வருடத்து இடங்கள் போயிருக்கும். ஜனவரிக்கு மாற்ற முடியுமா என்று அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் பேசுங்கள்.

அன்புடன்,
இங்கிலாந்தில் பராமரிப்புத் துறையில் வேலை செய்யும், பயிற்சி கொடுக்கும் தமிழர்கள் சிலர்